அரசியல் அறிவியல் முதுகலை மாணவர் நாட வேண்டிய உதவித்தொகைகளும் பரிசுகளும்

அரசு கலைக்கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் முதுகலை முதலாண்டு படிக்கும், இளங்கலையைத் தமிழ்வழியில் முடித்த மாணவர் ஒருவரின் கேள்வி இது: இத்துறை மாணவர்களுக்கு உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பல்கலைக்கழகங்களும் பிற அமைப்புகளும் வழங்கும் பரிசுகள், ஆய்வு உதவித்தொகைகள் எவை, அவற்றுள் தமக்கு எட்டக்கூடியவை எவை, எதற்கு இப்போதே ஆயத்தமாக வேண்டும்? முனைவர் பட்டம் வரை செல்லும் எண்ணம் உண்டு என்றும், வீட்டிலிருந்து பணம் எதிர்பார்க்க இயலாது என்றும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். இரண்டாவதாகச் சொன்னதே என் பதிலின் வரிசையைத் தீர்மானிக்கிறது.

பரிசு என்பது செய்து முடித்த வேலைக்குக் கிடைப்பது. உதவித்தொகை என்பது இனிமேல் செய்யவிருக்கும் வேலையை நம்பிக் கொடுக்கப்படுவது. நம் கல்லூரிகளில் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால், மதிப்பெண் பட்டியலில் முதலிடம் பிடித்தால் ஆய்வுப் பணம் தானாக வந்துசேரும் என்ற எண்ணம் மாணவர்களிடம் ஊறியிருக்கிறது. அப்படி வருவதில்லை. இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். 'அரசியல் அறிவியல்' என்ற பெயரைத் தாங்கி வரும் உதவித்தொகைகள் மிகச் சொற்பம். பொதுக் கொள்கை, ஆட்சியியல், வளர்ச்சி ஆய்வுகள், சமூக அறிவியல், பன்னாட்டு உறவுகள் என்ற தலைப்புகளின் கீழேதான் நம் துறைக்கான வாய்ப்புகள் ஒளிந்துகிடக்கின்றன. துறைப் பெயரை மட்டும் வைத்துத் தேடுபவர் அவற்றில் பெரும்பாலானவற்றைக் காணாமலே போய்விடுவார்.

வருமானமில்லாத வீட்டிலிருந்து வரும் மாணவர் முதலில் குறிவைக்க வேண்டியது பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை, அதாவது எல்லோரும் ஜே.ஆர்.எஃப் என்று அழைப்பது. ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் சுற்றுகளாக, தேசியத் தேர்வு முகமை நடத்தும் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் வழியாக இது கிடைக்கிறது. 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் முதுநிலை ஆய்வாளராக உயர்த்தப்பட்ட பிறகு மாதம் 42,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. மொத்தக் காலம் ஐந்து ஆண்டுகள். இதற்கு மேல் வீட்டு வாடகைப்படியும், சமூக அறிவியல் மாணவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000 ரூபாயும் பிறகு 20,500 ரூபாயும் நூல், பயணம், களப்பணி போன்ற செலவுகளுக்காகத் தனியே உண்டு. நாட்டுக்குள் ஒரு சமூக அறிவியல் மாணவருக்கு இவ்வளவு தொகையை இவ்வளவு நீண்ட காலத்துக்குத் தரும் அமைப்புகள் மிகச் சில என்பதால், மற்ற எல்லாவற்றையும் இதற்கு அடுத்த நிலையில் வைத்துத் திட்டமிடுவதே சரி.

தேர்வின் அமைப்பு எளிது. முதல் தாள் கற்பித்தல் திறன், ஆய்வுத் திறன், தருக்கம் ஆகியவை பற்றியது. 50 வினாக்கள், 100 மதிப்பெண். இரண்டாம் தாள் பாடம்; 100 வினாக்கள், 200 மதிப்பெண். இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. பொதுப்பிரிவினர் முதுகலையில் 55 விழுக்காடும், சலுகை பெறும் பிரிவினர் 50 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும். முதுகலை இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். உதவித்தொகைக்கு வயது வரம்பு 30. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வளமான பிரிவில் (கிரீமி லேயர்) சேராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவர், பெண்கள் ஆகியோருக்கு ஐந்து ஆண்டுத் தளர்வு உண்டு. ஆக, நீங்கள் அடுத்த ஆண்டு இறுதியாண்டுக்கு வந்தவுடனேயே முதல் முயற்சியைச் செய்யலாம். செய்ய வேண்டும் என்றே சொல்வேன்.

உங்களுக்கு இதில் ஒரு தடை இருக்கிறது, அதை மூடிமறைப்பதில் பயனில்லை. மொழிப்பாடங்கள் நீங்கலாக நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. இறையாண்மை, சட்டப்பூர்வத்தன்மை, மேலாதிக்கம் என்று தமிழில் நன்கு அறிந்த கருத்துகளை ஆங்கிலச் சொல்லில் பார்த்ததும் தடுமாறி மதிப்பெண் இழக்கும் மாணவர்கள் ஏராளம். பாடம் தெரியாமல் அவர்கள் தோற்பதில்லை. இதற்கு மருந்து பயிற்சி மையம் அல்ல. முந்தைய ஆண்டு வினாத்தாள்களை எடுத்து, ஒவ்வொரு வினாவிலும் வரும் கலைச்சொல்லுக்கு எதிரே தமிழ்ச்சொல்லையும் அந்தக் கருத்தைப் பேசிய சிந்தனையாளரின் பெயரையும் எழுதி உங்களுக்கென ஓர் அகராதிக் குறிப்பேட்டை உருவாக்குவதுதான். மேலும், அண்மைக்கால வினாக்களில் பொருத்துக, காலவரிசைப்படுத்துக, கூற்று–காரணம் ஆகிய வடிவங்கள் அதிகம் வருவதால், நூல்கள் வெளியான ஆண்டுகளையும் அரசமைப்புத் திருத்தங்களின் வரிசையையும் நினைவில் நிறுத்துவது வீண் மனப்பாடம் ஆகாது.

2024 முதல் நெட் முடிவுகள் மூன்று வகையாக வருகின்றன: உதவித்தொகையோடு உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியும் முனைவர் பட்டச் சேர்க்கைத் தகுதியும், முனைவர் பட்டச் சேர்க்கைத் தகுதி மட்டும். பின்னிரண்டு வகையினருக்குச் சேர்க்கையில் தேர்வு மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் கணக்கிடப்படுகின்றன. அந்த மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும். முதல் வகையினருக்கு மட்டுமே பணம். 'நெட் பாஸ்' என்று பதாகை வைக்கும் வழக்கத்தால் இந்த வேறுபாடு மங்கிப்போகிறது. மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்வு தமிழ்நாட்டில் உதவிப் பேராசிரியர் தகுதியை மட்டும் தருகிறது; அதில் உதவித்தொகை எதுவும் இல்லை. தேர்வு நாள்கள் மாறக்கூடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்: 2024 ஜூன் 18 அன்று நடந்த நெட் தேர்வு மறுநாளே ரத்தாகி, ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் மீண்டும் நடத்தப்பட்டது. ஒரே சுற்றை நம்பி ஆண்டு முழுவதையும் அமைத்துக்கொண்டவர்கள் அப்போது பட்ட பாடு கொஞ்சமன்று.

ஜே.ஆர்.எஃப் கிடைக்காவிட்டால் முனைவர் பட்டத்தைக் கைவிட வேண்டுமா? அங்கேதான் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது முக்கியமாகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை பெறாத முழுநேர ஆய்வாளருக்கும் மாதம் 8,000 ரூபாய் வழங்கும் முறை உண்டு; மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இது இல்லை. 2015 அக்டோபரில் இந்தத் தொகையை நிறுத்த மானியக் குழு முடிவு செய்தபோது, தில்லியில் அதன் அலுவலகத்தின் முன்பே மாணவர்கள் முகாமிட்டுப் போராடினார்கள். முடிவு திரும்பப் பெறப்பட்டது. அந்தத் தொகை இன்றைய விலைவாசியில் உணவுக்கும் விடுதிக்குமே சரியாகப் போகும் என்றாலும், ஒன்றுமில்லாமல் ஆய்வைத் தொடங்குவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஆகவே, தென்னிந்தியாவில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அரசியல் துறைகளையும், வடக்கே ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், தில்லிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றையும் விண்ணப்பப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு அருகில் நெறியாளர் கிடைத்துவிட்டார் என்பதற்காக அவசரப்பட்டுப் பதிவுசெய்துவிட்டு, பிறகு பணமில்லாமல் பகுதிநேரமாக மாற்றிக்கொள்ளும் கதைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

சமூகப் பிரிவுகளுக்கான தேசிய உதவித்தொகைகளும் ஜே.ஆர்.எஃப் தொகையை ஒட்டியவையே. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்குத் தனித்தனியே தேசிய ஆய்வு உதவித்தொகைத் திட்டங்கள் இருக்கின்றன. பட்டியல் சாதியினருக்கானது 2005–06இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கியது. பெற்றோருக்கு ஒரே குழந்தையாக இருக்கும் பெண்களுக்கு, முனைவர் பட்டத்துக்காக, சாவித்ரிபாய் ஜோதிராவ் புலே பெயரிலான மானியக் குழுத் திட்டம் ஒன்றும் உண்டு. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை, மற்ற திட்டங்களோடு ஒன்றன்மேல் ஒன்று படிகிறது என்ற காரணம் சொல்லப்பட்டு, 2022–23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிக் கையேடுகளில் அது இன்னும் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி மத்தியப் பட்டியலில் வருவதில்லை என்பதால் மத்தியத் திட்டத்துக்குத் தகுதி பெற மாட்டார்கள். ஆனால் தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்கும் ஊக்கத்தொகையில் அவர்களும் அடங்குவர். சட்ட வரையறை ஒன்று ஒரே வகுப்பறையில் அமர்ந்திருக்கும் இருவரின் ஆய்வு வாழ்க்கையை எப்படிப் பிரிக்கிறது என்பதற்கு, நம் துறை மாணவர்கள் தேடிப்போக வேண்டாத உதாரணம் இது.

மாநில அரசு அண்மையில் தொடங்கிய இன்னொன்று முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகை. அறிவியல், கலைப்பிரிவு இரண்டிலும் முழுநேர ஆய்வாளர்கள் 120 பேருக்கு மாதம் 25,000 ரூபாய் என்பது தொடங்கியபோது அதன் அளவு. முதல் முறை ஆசிரியர் தேர்வு வாரியம் 2023 டிசம்பரில் தகுதித் தேர்வு நடத்தியது. ஜே.ஆர்.எஃப் பெறாத, மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே பதிவுசெய்ய விரும்பும் உங்களைப் போன்றவருக்கு இதுவே இரண்டாவது இலக்காக இருக்கலாம்.

இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் 1969இல் நிறுவப்பட்டது. ஐ.சி.எஸ்.எஸ்.ஆர் என்ற எழுத்துகளால் அறியப்படும் இந்த அமைப்பின் முனைவர் பட்ட உதவித்தொகை, மாதம் 20,000 ரூபாயும் ஆண்டுச் செலவுத்தொகை 20,000 ரூபாயும் என்ற அளவில் இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. இதற்கு முனைவர் பட்டப் பதிவு ஏற்கெனவே முடிந்திருக்க வேண்டும். நெட்டைப் போல இது வினா விடைத் தேர்வு அல்ல. ஆய்வு முன்மொழிவின் தரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. எனவே தேர்வறையில் தடுமாறினாலும் எழுத்தில் தெளிவுள்ள மாணவருக்கு இங்கே நியாயமான வாய்ப்பு உண்டு. சென்னை அடையாறில் பொருளியலாளர் மால்கம் ஆதிசேஷையா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இக்கழகத்தின் ஆதரவு பெறும் ஆய்வு நிறுவனங்களில் ஒன்று. பெயரில் அரசியல் என்ற சொல் இல்லாததால் நம் துறை மாணவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே அரிது. ஆனால் சாதி, உள்ளாட்சி, நலத்திட்டங்கள், தொழிலாளர் அரசியல் பற்றி ஆய்வு செய்ய விரும்புபவருக்கு அதைவிடப் பொருத்தமான நூலகமும் சூழலும் தமிழ்நாட்டில் குறைவு.

முதுகலைப் படிப்புக் காலத்துக்கே உதவி வேண்டுமென்றால், 2023–24 முதல் மானியக் குழு நடத்தும் தேசிய முதுகலை உதவித்தொகையைப் பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் வீதம் ஆண்டுக்குப் பத்து மாதங்கள், இரண்டு ஆண்டுகள், மொத்தம் 10,000 பேருக்கு. தேர்வு கிடையாது, இளங்கலை மதிப்பெண்தான் அடிப்படை. முதலாண்டில் சேர்ந்தவுடன் தேசிய உதவித்தொகை இணையவாசல் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரியின் பொறுப்பு அலுவலர் அந்த வாசலில் உங்கள் விண்ணப்பத்தைச் சரிபார்த்து அனுப்பினால்தான் அது நகரும். கடைசி நாளுக்கு முன் அலுவலகத்துக்கு நேரில் சென்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முனைவர் பட்டத்துக்கு நேரே செல்லாமல், ஓரிரு ஆண்டுகள் அரசியலையும் ஆட்சியையும் அருகிலிருந்து பார்க்க விரும்புபவர்களுக்கு இரண்டு வாய்ப்புகளைச் சொல்வேன். பி.ஆர்.எஸ் சட்டமியற்றல் ஆராய்ச்சி நிறுவனம் 2010 முதல் நடத்தும் 'லேம்ப்' திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்படும் இளைஞர், ஒரு நாடாளுமன்ற உறுப்பினரோடு இணைக்கப்பட்டு, மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கி நிதிநிலைக் கூட்டத்தொடர் முடியும் வரை வினாக்கள் தயாரிப்பது, மசோதாக்களுக்குக் குறிப்பு எழுதுவது ஆகிய வேலைகளைச் செய்கிறார். எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். வயது 25க்குள் இருக்க வேண்டும். பாடநூலில் நாடாளுமன்றத்தைப் படித்தவருக்கும் கேள்வி நேரத்துக்கு முன்னிரவில் தரவு தேடியவருக்கும் உள்ள வேறுபாடு பிற்கால ஆய்வில் தெரியும். இன்னொன்று, 2022இல் தொடங்கிய தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம். திருச்சியிலுள்ள பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் கல்விப் பங்காளியாக இருக்கும் இந்த இரண்டு ஆண்டுத் திட்டத்தில், தேர்வு பெறுபவர்கள் அரசின் முன்னுரிமைத் திட்டங்களின் நடைமுறையைக் கண்காணிக்கும் பணியில் அமர்த்தப்படுகிறார்கள். கலைப்பிரிவு மாணவர்கள் முதுகலையில் முதல் வகுப்புப் பெற்றிருக்க வேண்டும்; வயது 22 முதல் 30 வரை, சமூகப் பிரிவுக்கேற்பத் தளர்வு உண்டு; தமிழ் எழுதப் பேசத் தெரிந்திருப்பது கட்டாயம். தமிழ்வழி மாணவருக்கு மொழி சுமையாக இல்லாமல் தகுதியாகக் கணக்கிடப்படும் அரிய இடம் இது. 'பெல்லோஷிப்' என்ற பெயரோடு வரும் எல்லாமே பணம் தருபவை என்று எண்ணிவிட வேண்டாம். அசோகா பல்கலைக்கழகத்தின் யங் இந்தியா பெல்லோஷிப் போன்றவை கட்டணம் உள்ள ஓராண்டுப் படிப்புகள், குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை தருபவை. படிப்பு நல்லதா என்பது வேறு கேள்வி. அறிவிப்பைப் படிக்கும்போது பணம் எந்தத் திசையில் செல்கிறது என்று முதலில் பாருங்கள்.

வெளிநாடு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஒன்றாக எண்ணுவதுதான் இங்கே நிகழும் முதல் குழப்பம். அமெரிக்காவின் நல்ல அரசியல் அறிவியல் துறைகளில் முனைவர் பட்டச் சேர்க்கையே நிதியுதவியோடு வருகிறது: கல்விக் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டு, கற்பித்தல் உதவி அல்லது ஆய்வு உதவிப் பணிக்கு ஈடாக ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு வாழ்க்கைச் செலவுத் தொகை கிடைக்கும். தனியாக உதவித்தொகை தேட வேண்டியதில்லை. சேர்க்கை கிடைப்பதுதான் கடினம். அதே நாட்டில் முதுகலைக்கு இப்படிப்பட்ட உதவி பெரும்பாலும் இல்லை. பிரிட்டனில் நிலைமை வேறு; சேர்க்கை ஒரு கதவு, பணம் இன்னொரு கதவு. ரோட்ஸ், கேட்ஸ் கேம்பிரிட்ஜ், காமன்வெல்த், செவனிங், பெலிக்ஸ், இன்லாக்ஸ் என்று பெயர்கள் நீளும். செவனிங் ஓராண்டு முதுகலைக்கானது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் இல்லாமல் விண்ணப்பிக்க இயலாது. படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டுகள் இங்கே இருக்க வேண்டும். பெலிக்ஸ் உதவித்தொகை ஆக்ஸ்போர்டு, ரெடிங், லண்டனின் சோயாஸ் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் உரியது. பொருளாதாரத் தேவையையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இந்தியாவுக்கு வெளியே ஏற்கெனவே படித்தவர்களுக்கு இல்லை என்பது உங்களைப் போன்றவருக்குச் சாதகம். இந்தியாவிலேயே முனைவர் பட்டப் பதிவு செய்துவிட்டு ஆறு முதல் ஒன்பது மாதங்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்ய ஃபுல்பிரைட்–நேரு முனைவர் பட்ட ஆய்வு உதவித்தொகை உண்டு. ஜெர்மனியில் பொதுக் கொள்கையும் நல்லாட்சியும் என்ற பொருளில் முதுகலை படிக்க, டாட் எனும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் ஹெல்முட் ஷ்மிட் திட்டம் இருக்கிறது.

அரசு நிதியில் வெளிநாடு செல்ல, மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டமும் பட்டியல் பிரிவு மாணவர்களுக்கு உள்ளன. மத்தியத் திட்டத்தில் ஆண்டுக்கு 125 இடங்கள்; அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு. நம் துறையினர் இதில் ஒரு விதியைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 2022இல் வெளியான வழிகாட்டு நெறிகள், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவை மையமாகக் கொண்ட சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இந்த நிதி கிடையாது என்று விலக்கிவிட்டன. இந்தியாவைப் பற்றிய ஆய்வுக்கு இந்தியாவிலேயே மூலங்கள் இருக்கின்றன என்பது அரசின் வாதம். கொலம்பியாவில் சாதிகளைப் பற்றிக் கட்டுரை படித்த அம்பேத்கரின் நாட்டில், ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவர் சாதியைப் பற்றி வெளிநாட்டில் ஆய்வு செய்ய அரசு நிதி பெற முடியாது என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ஆயினும் விதி விதிதான். இந்த வழியை நாடுபவர், கூட்டாட்சி, தேர்தல் முறைகள், குடியேற்றக் கொள்கை போன்ற பொருள்களில் பிற நாடுகளை எடுத்துக்கொண்டு முன்மொழிவை அமைக்க வேண்டியிருக்கும்.

இனிப் பரிசுகள். நம் பல்கலைக்கழகங்களில் இவை பெரும்பாலும் அறக்கட்டளைப் பரிசுகள்: ஒருவர் தம் பெற்றோர் அல்லது ஆசிரியர் நினைவாக ஒரு தொகையைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கிறார், அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் பதக்கமோ பணமுடிப்போ வழங்கப்படுகிறது. முதல் தொகை மாறாமலே இருப்பதால், பல்லாண்டுகளுக்கு முன் பெரியதாகத் தோன்றிய பரிசு இன்று ஒரு நல்ல நூல் வாங்கக்கூடப் போதாமல் இருப்பது வழக்கம். பட்டமளிப்பு விழாவில் பெயர் படிக்கப்படும், அவ்வளவே. எல்லாத் தாள்களையும் முதல் முயற்சியிலேயே, உரிய காலத்துக்குள் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்பது இவற்றின் பொதுவான நிபந்தனை. ஒரு தாளில் வருகைப் பதிவுக் குறைவால் தேர்வெழுத முடியாமல் போனால்கூட வாய்ப்புப் போய்விடும். இதைக் குறைத்து மதிப்பிடுவதாக எண்ண வேண்டாம். வெளிநாட்டு விண்ணப்பங்களில் 'துறையில் முதலிடம்' என்ற ஒற்றை வரி, விழுக்காட்டைவிடத் தெளிவாகப் பேசும்.

மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் துறைச் சங்கங்களிலும் பரிசு என்பது மதிப்பெண்ணுக்கு அல்லாமல் எழுத்துக்குத் தரப்படுகிறது. அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் ஒவ்வொரு உட்பிரிவிலும் சிறந்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குத் தனித்தனிப் பரிசு வைத்திருக்கிறது: ஒப்பீட்டு அரசியலுக்கு கேப்ரியல் ஆல்மண்ட் பெயரில், அரசியல் தத்துவத்துக்கு லியோ ஸ்ட்ராஸ் பெயரில், பொதுக் கொள்கைக்கு ஹரோல்டு லாஸ்வெல் பெயரில். பிரிட்டனின் அரசியல் ஆய்வுச் சங்கம் அரசியல் கோட்பாட்டுக்கு எர்னஸ்ட் பார்க்கர் பெயரிலும் ஆட்சியியலுக்கு வால்டர் பாஜெட் பெயரிலும் அவ்வாறே வழங்குகிறது. பரிசின் பெயரும் அதைப் பெறுபவரின் பிற்கால வாழ்க்கையும் எப்போதும் பொருந்துவதில்லை. ஹார்வர்டில் போரைத் தடுத்து உலக அமைதியை நிலைநாட்டும் வழிகளைப் பற்றிய ஆய்வேட்டுக்கென இருக்கும் சம்னர் பரிசை 1954இல் பெற்றவர், பின்னாளில் வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க வெளியுறவுக் கொள்கையை நடத்திய ஹென்றி கிஸ்ஸிஞ்சர். நம் நாட்டில் ஆய்வேட்டையோ நீண்ட கட்டுரையையோ மதிப்பிட்டுத் தரும் பரிசு மரபு மாணவர் அளவில் வேர்விடவில்லை. முதுகலை இறுதியில் எழுதும் திட்டக் கட்டுரையை வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அலமாரியில் அடுக்கிவிடுகிறோம். அதில் ஒரு பகுதியைச் செம்மைப்படுத்திக் கருத்தரங்கிலோ ஆய்விதழிலோ வெளியிடுவதே நமக்குக் கிடைக்கும் மாற்றுவழி.

இந்த இடைவெளியில்தான் போலிப் பரிசுகள் புகுந்திருக்கின்றன. 'சிறந்த இளம் ஆய்வாளர் விருது', 'சர்வதேசச் சாதனையாளர்' என்று மின்னஞ்சல் வரும். பதிவுக் கட்டணம் கேட்கும். கட்டினால் கேடயம் வீட்டுக்கு வரும். தேர்வுக் குழுவில் யார் இருந்தார், யாருடைய எழுத்தோடு உங்கள் எழுத்து ஒப்பிடப்பட்டது என்ற கேள்விகளுக்கு விடை சொல்லாத எந்த விருதும் தன்விவரக் குறிப்பில் இடம்பெறத் தக்கதன்று. நேர்காணலில் அமரும் மூத்தவர்களுக்கு இவற்றின் பெயர்கள் மனப்பாடம்.

எல்லா உதவித்தொகைகளுக்கும் பொதுவாக நீங்கள் இப்போதே தொடங்க வேண்டிய வேலை ஆய்வு முன்மொழிவு. 'தமிழ்நாட்டில் பெண்களின் அரசியல் பங்கேற்பு' என்பது தலைப்பு, கேள்வி அன்று. மதிப்பீட்டுக் குழுவின் மேசையில் இதைப்போன்ற தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கும். 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட இடத்தில் வென்ற பெண்களில், ஒதுக்கீடு நீங்கிய பிறகும் அதே இடத்தில் போட்டியிடுபவர் யார், போட்டியிடாதவர் யார், இரு சாராருக்கும் இடையே கட்சி, சாதி, குடும்பம் ஆகியவற்றில் என்ன வேறுபாடு என்று கேட்டால் அது கேள்வி. இதற்கு மாநிலத் தேர்தல் ஆணையத்தின் வேட்பாளர் பட்டியல்கள் இருக்கின்றன. ஒரு மாவட்டத்தின் இரண்டு ஒன்றியங்களைத் தேர்ந்தெடுத்து நேர்காணல் செய்யலாம். 2016இல் நடக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 வரை தள்ளிப்போனது இந்தக் கேள்வியில் என்ன விளைவை ஏற்படுத்தியது என்று பார்க்கலாம். எந்தத் தரவு, எங்கே கிடைக்கும், அது கேள்விக்கு எப்படி விடை தரும் என்ற மூன்றும் இரண்டு பக்கங்களில் தெரிந்துவிட்டால் முன்மொழிவு உறுதியாக நிற்கும்.

இங்கே தமிழ்வழி மாணவருக்கு உள்ள வலிமையையும் சொல்ல வேண்டும். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள், எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தின் கோப்புகள், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பழைய இதழ்களும் துண்டுப்பிரசுரங்களும் ஆகிய மூலங்களை மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் படிக்கக்கூடியவர் நீங்கள். ஆங்கிலத்தில் சரளமாக எழுதும் பெருநகர மாணவர் பலருக்கு இந்த வசதி இல்லை. முன்மொழிவில் நீங்கள் பயன்படுத்தப்போகும் தமிழ் மூலங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால், ஆங்கில நடையின் சிறு குறைகளை மதிப்பீட்டாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்பதை நான் இருபுறமும் அமர்ந்து பார்த்திருக்கிறேன்.

கடைசியாகச் சான்றிதழ்கள். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற மாநிலச் சாதிச் சான்றிதழ் நெட் தேர்வுக்கும் மத்தியத் திட்டங்களுக்கும் செல்லாது. மத்திய அரசு வேலைகளுக்கான படிவத்தில், வளமான பிரிவில் சேராதவர் என்ற குறிப்போடு, இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து தனியாகப் பெற வேண்டும். உங்கள் சமூகம் மாநிலப் பட்டியலில் இருப்பதாலேயே மத்தியப் பட்டியலிலும் இருக்கும் என்று கொள்ளக் கூடாது, சரிபார்க்க வேண்டும். இந்தச் சான்றிதழ் நடப்பு நிதியாண்டுக்குரியதாகக் கேட்கப்படும் என்பதால், ஏப்ரலில் இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பித்துவிடுவது நல்லது. தேர்வில் வென்ற பிறகு சான்றிதழ் தேதி பொருந்தவில்லை என்று பொதுப்பிரிவுக்கு மாற்றப்பட்டவர்களை நான் அறிவேன். பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது, ஆசிரியரிடம் வெறும் தன்விவரக் குறிப்பை நீட்டாமல், முன்மொழிவின் சுருக்கத்தையும் அவர் வகுப்பில் நீங்கள் எழுதிய ஒரு கட்டுரையையும் சேர்த்து, கடைசி நாளுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பாவது கொடுங்கள். 'நல்ல மாணவர், ஒழுக்கமானவர்' என்று தொடங்கும் கடிதங்கள் எந்தக் குழுவையும் நகர்த்துவதில்லை, அப்படி எழுதுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லாமல் செய்துவிடாதீர்கள்.